பண்ணையில் ஓடப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் நிற்கும் நாட்களிலும் காலை ஓட்டத்தை விட மனமில்லாதவர்களுக்குப் பண்ணைக் கடற்கரையைவிட நல்ல இடம் நகரத்துக்குக் கிட்ட இல்லை. கோட்டையடியில் தொடங்கிக் கடலோர நடைபாதையில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, அப்படியே கடலுக்குக் குறுக்கே போட்ட வீதியான தாம்போதியில் ஏறி மண்டைதீவுச் சந்தி வரை போய்த் திரும்பலாம். இரண்டு பக்கமும் பரவைக்கடல். ஏற்றம் இறக்கம் இல்லாத தார் வீதி. முழங்கால் அளவு தண்ணீரில் வரிசையாக நிற்கும் சிறகுவலைக் கம்புகளையும், மாரி காலம் என்றால் தூரத்தில் பூநாரைக் கூட்டத்தையும் பார்த்துக்கொண்டு ஓடலாம். லண்டனில் தேம்ஸ் ஓரமாக ஓடுகிறவள் நான். அங்கே ஓடும்போதும் மனம் இங்கேதான் நிற்கும்.

விடியும் முன்னமே வெளிக்கிடுங்கள். ஜூனில் ஆறு மணிக்கு முன்னமே சூரியன் வந்துவிடும், ஜனவரியில் ஆறரையை ஒட்டித்தான். எட்டு மணிக்குப் பிறகு தாம்போதியில் ஓடாதீர்கள், ஒதுங்குவதற்கு ஒரு மரம்கூட இல்லை. போகும்போது வெயில் முதுகில் விழும், திரும்பும்போது நேரே கண்ணில் அடிக்கும், ஆகவே தொப்பி வேண்டும். தென்மேற்கில் இருந்து சோளகம் வீசும் மாதங்களில் தீவுப் பக்கம் போவது எதிர்காற்று. வாடைக்காற்றுக் காலத்தில் திரும்பி வருவதுதான் பாடு. நடுவில் கடை இல்லை, தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள்.

நடைபாதை முடிந்த இடத்தில் இருந்து அது ஊர்காவற்றுறை போகும் பெருந்தெரு என்பதை மறக்கக் கூடாது. குறிகாட்டுவானில் நயினாதீவுப் படகைப் பிடிக்க ஓடும் பஸ்கள் ஓரத்தில் ஓடுகிறவருக்காக வேகம் குறைப்பதில்லை. மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்களும் அப்படித்தான். எதிரே வருகிற வாகனத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுங்கள். இங்கே அதற்கு வலக்கரை. கனடாவிலும் பிரான்ஸிலும் பழகியவர்களுக்குக் கால் தன்பாட்டில் மற்றக் கரைக்குப் போகும், கவனம். மண்டைதீவில் கடற்படை முகாம் உண்டு, அந்தப் பக்கம் படம் எடுக்க வேண்டாம்.

பெண்கள் தனியாக ஓடலாமா என்று கேட்பார்கள். ஓடலாம். விடியற்காலையில் வேகமாக நடக்கும் ஆசிரியைகளும் தாதியரும் அங்கே இருக்கிறார்கள், இரண்டாம் நாளே சிரித்துக் கதைப்பார்கள். முழுநீளக் காற்சட்டை போட்டால் தேவையில்லாத கண்கள் குறையும். நாய்கள்தான் கரைச்சல். கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, சின்னக் கீறல் என்று விட்டுவிடாமல் உடனே போதனா வைத்தியசாலைக்குப் போய் விசர்நாய்த் தடுப்பூசி போடுங்கள்.

சரி, இனி நான் சொல்ல வந்தது. ஊரில் உங்கள் பெயருக்கு வரவேண்டிய காணி இருந்தால், அந்த அலுவலை ஒழுங்குபடுத்தாமல் ஓடுகிற சப்பாத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

அந்தத் தாம்போதிக்கு அங்கால, வேலணையில், அம்மாவின் சீதனக் காணி இருக்கிறது. எட்டுப் பரப்பு, கொஞ்சப் பனை, ஒரு கிணறு. 1990 இல் தீவுச் சனம் இடம்பெயர்ந்தபோது அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டவர், பிறகு லண்டன் வந்துவிட்டோம். அம்மாவின் தம்பி, என் மாமா, நிலைமை கொஞ்சம் தெளிந்ததும் திரும்பிப் போய் அங்கே குடியிருந்தார். கிணற்றை இறைத்தது அவர், வேலி அடைத்தது அவர். அம்மா இப்போது இல்லை. காணி எனக்கு முதுசம். மாமா தன் மகனுக்கு அதில் வீடு கட்ட வேண்டும், காணி உறுதியை அவன் பெயருக்கு முடித்துத் தா என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானும் ஓம் என்றேன்.

அப்புறம் நடந்ததுதான் பெரும்பாடு. உறுதி எழுதும் நொத்தாரிசு முதலில் கேட்டது என் கணவரின் எழுத்துச் சம்மதம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட கலியாணம் கட்டிய பெண், கணவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பொதுவாக அசையாச் சொத்தைக் கைமாற்ற முடியாது. நான் தினமும் கடந்து ஓடுகிற அந்தக் கோட்டையில் இருந்து ஆண்ட ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்து வைத்த வழமை அது, 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அந்தக் கட்டுப்பாட்டைத் தாங்கி நிற்கிறது. என் தாய் எனக்கு விட்டுப்போன மண்ணுக்கு, அதைக் கண்ணால் காணாத மனிதர் கையெழுத்து வைக்க வேண்டும். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மாமா அதை நம்பவில்லை. "அவருக்கென்ன இதில? காணி கொம்மாவின்ர" என்றார். நான் நாளைக் கடத்துகிறேன் என்று நினைத்துவிட்டார். அடுத்த நாளில் இருந்து மச்சான் விடியவே மோட்டார் சைக்கிளில் பாலத்தடிக்கு வந்து நிற்பான். "மச்சாள், அப்பா கந்தோருக்கு வெளிக்கிட்டிட்டார்." வியர்வை காயாமல் பின்னால் ஏறிப் போவேன். லண்டன் மரணச் சான்றிதழில் அம்மாவின் பெயர் எழுதியிருக்கிற விதமும் பழைய உறுதியில் இருக்கிற விதமும் பொருந்தவில்லை, சத்தியக் கடதாசி முடி என்றார்கள். முடித்தோம். காணிப் பதிவுக் கந்தோரில் பதிவேட்டுப் பிரதி எடுக்கப் போனால் எழுதுவினைஞர் லீவு. மறுபடி போனால் பக்கம் கிழிந்திருக்கிறது, மற்றத் தொகுதியைப் பார்க்க வேண்டும், நாளைக்கு வாருங்கள். நாளைக்கு வாருங்கள் என்ற சொல்லுக்கு விமானச் சீட்டு வைத்திருக்கிறவர் என்ன பதில் சொல்வது?

அங்கே வாங்கில் குந்தியிருந்தபோது மாமா தன் சொப்பிங் பையை அவிழ்த்தார். கறையான் ஒரு மூலையைத் தின்ற உறுதி. அதோடு ரப்பர் பாண்ட் போட்ட ஒரு கட்டு, சோலைவரிப் பற்றுச்சீட்டுகள். ஒவ்வொன்றிலும் அம்மாவின் பெயர், கட்டியவர் கையெழுத்து மாமாவுடையது. பழைய துண்டுகளில் மை நீலம் மங்கி மண்ணிறமாகிவிட்டது. பத்து வருட ஆட்சியைக் காட்டிக் காணியைத் தனக்கே கேட்டு அவர் வழக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம், எத்தனையோ பேர் போட்டிருக்கிறார்கள். அவர் அக்காவின் பெயரிலேயே வரி கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் லண்டனில் இருந்து பெருநாளுக்கு அனுப்பிய காசு அந்தக் கட்டுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

உறுதி முடியாமலே நான் விமானம் ஏற வேண்டி வந்தது. கணவரின் சம்மதத்தை இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் உறுதிப்படுத்தி அனுப்பியிருக்கிறேன். என் சார்பில் ஒப்பமிட ஒருவருக்கு அற்றோணித் தத்துவமும் எழுதியாயிற்று. அதை அந்த ஒரு காணிக்கும் அந்த ஒரு அலுவலுக்கும் மட்டும் எழுதுங்கள். எல்லாச் சொத்துக்கும் பொதுவாக எழுதித் தா என்று யார் கேட்டாலும், எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்றாலும், வேண்டாம். இலங்கையில் அதைப் பதிவுசெய்யவும் வேண்டும்.

கலியாணம் கட்டிய யாழ்ப்பாணப் பெண்கள் விமானச் சீட்டுப் போடும் முன்னமே இதையெல்லாம் நொத்தாரிசிடம் கேட்டுவிடுங்கள். பெயர் எழுத்துக்களை உறுதியோடு ஒப்பிட்டுப் பார்க்க ஊரில் ஒருவரை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். கந்தோர் அலுவலைப் பயணத்தின் முதல் கிழமையில் வையுங்கள், கோயில், கலியாணவீடு எல்லாம் பிறகு. ஓடப் போகும் நேரத்தைச் சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டாம் என்று எழுத நினைத்தேன். ஆனால் மச்சானும் பாவம், அவனுக்கு வீட்டுக் கடன் வங்கியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

தீவுப் பக்கம் காணி உள்ளவர்கள் ஒரு நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு பஸ்சில் முழுத் தூரமும் போய் வாருங்கள். வேலியை இத்தனை வருடம் யார் அடைத்தார், வரியை யார் கட்டினார் என்று அங்கே கேளுங்கள். பற்றுச்சீட்டு இருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள், உறுதி எழுதும்போது நொத்தாரிசு கேட்பார்.