கோல்ஃப் பந்தைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பது எப்படி? கிரீனில் தொடங்கி டீ வரை

"எந்தப் பந்து அதிக தூரம் போகும்?" கோல்ஃப் ஆடத் தொடங்கியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இயல்பான கேள்விதான். ஆனால் பந்துகளை ஒப்பிடும்போது இங்கிருந்து தொடங்கினால் நமக்குப் பொருந்தாத பந்தில் போய் முடிய வாய்ப்பு அதிகம்.

காரணம் விதிகளிலேயே இருக்கிறது. கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ என்ற இரண்டு அமைப்புகளும் பந்துக்குக் கடிவாளம் போட்டிருக்கின்றன. எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அடிபட்டுக் கிளம்பும் வேகத்துக்கு உச்சவரம்பு உண்டு. சோதனை இயந்திரம் அடிக்கும்போது பந்து போகக்கூடிய மொத்த தூரத்துக்கும் வரம்பு உண்டு: 317 யார்டு, அதற்கு மேல் 3 யார்டு சலுகை. அதனால் டிரைவர் என்ற நீள மட்டையால் அடிக்கும்போது ஒரு நல்ல பந்துக்கும் இன்னொன்றுக்கும் இடையே பெரும்பாலும் சில யார்டுதான் வித்தியாசம். நாம் அடுத்தடுத்து அடிக்கும் இரண்டு அடிகளுக்கு இடையே அதைவிடப் பெரிய வித்தியாசம் வந்துவிடும்.

குழி இருக்கும் குட்டைப் புல் பரப்பான கிரீனை நெருங்கும்போது கதை மாறுகிறது. 40 யார்டிலிருந்து வெட்ஜால், அதாவது முகப்பு நன்றாகச் சாய்ந்த கிட்டத்து மட்டையால், அடித்தால் ஒரு பந்து இரண்டு குதி குதித்து நின்றுவிடும். இன்னொன்று அதே அடிக்குக் குழியில் நட்ட கொடியைத் தாண்டி ஓடும். ஸ்கோர் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே நம் சோதனை கிரீனில் தொடங்கி, பின்னோக்கி நடந்து, கடைசியாக டீக்கு, அதாவது முதல் அடி அடிக்கும் இடத்துக்குப் போகும்.

முதலில், பந்துக்குள் என்ன இருக்கிறது?

இன்றைய பந்துகளில் நடுவே ரப்பர் கரு, வெளியே மேலுறை. எளிய பந்தில் இவை இரண்டு மட்டுமே. அதைத்தான் டூ பீஸ் என்கிறார்கள். விலை உயர்ந்த பந்துகளில் இடையே ஒன்று முதல் மூன்று அடுக்கு வரை கூடுதலாக இருக்கும். டெய்லர்மேட் நிறுவனத்தின் டிபி5 பந்தில் மொத்தம் ஐந்து அடுக்கு.

அடுக்குகளின் எண்ணிக்கையைவிட மேலுறை எதனால் ஆனது என்பதுதான் முக்கியம். பெரும்பாலும் இரண்டு வகை: ஐயனோமர், யூரிதேன். ஐயனோமர் உறுதியானது, சீக்கிரம் கீறல் விழாது, விலையும் குறைவு. யூரிதேன் மென்மையானது. ஈரத் தரையில் பிளாஸ்டிக் செருப்பு வழுக்கும், ரப்பர் செருப்பு பிடிக்கும் இல்லையா, வெட்ஜின் முகப்பில் இந்த இரண்டும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்கின்றன. யூரிதேன் உறை வெட்ஜின் பள்ளக்கோடுகளுக்கும் உள்ளே இருக்கும் உறுதியான அடுக்குக்கும் இடையே நசுங்கிப் பிடித்துக்கொள்வதால் பின்சுழற்சி அதிகமாகிறது. ஐயனோமர் கொஞ்சம் வழுக்கி மேலேறுவதால் உயரமாகக் கிளம்பும், சுழற்சி குறையும்.

ஒரு காலத்தில் தூரம் வேண்டுமா, சுழற்சி வேண்டுமா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் ரப்பர் நூல் சுற்றிய, மென்மையான பலாட்டா உறை போட்ட பந்தையே விரும்பினார்கள். கெட்டியான டூ பீஸ் பந்து தூரம் தேடியவர்களுக்கு. 2000-ஆம் ஆண்டு அது மாறியது. டைகர் உட்ஸ் அந்த ஆண்டு நூல் சுற்றாத கெட்டிக் கருப் பந்துக்கு மாறி, பெபிள் பீச்சில் நடந்த யு.எஸ். ஓப்பனை, அடுத்து வந்தவர்களைவிட 15 முறை குறைவாக அடித்து வென்றார். அக்டோபரில் டைட்டலிஸ்ட் நிறுவனத்தின் ப்ரோ வி1 களத்துக்கு வந்தது. சில ஆண்டுகளில் நூல் சுற்றிய பந்து பெரிய போட்டிகளில் காணாமலே போனது. இன்று உயர்தரப் பந்து என்று விற்கப்படுபவை பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான்: கெட்டிக் கரு, பல அடுக்கு, யூரிதேன் உறை.

படி 1: மூன்று பந்துகளைத் தேர்ந்தெடுங்கள்

மூன்றுக்கு மேல் வேண்டாம். ஏழெட்டு வகையை அள்ளிக்கொண்டு போனால் எது எப்படிப் போனது என்பதே மறந்துவிடும். தேர்வில் வேறுபாடு தெளிவாகத் தெரிய வேண்டும். ஐயனோமர் உறை கொண்ட டூ பீஸ் பந்து ஒன்று: கேலவே சூப்பர்சாஃப்ட், ஸ்ரிக்ஸன் சாஃப்ட் ஃபீல் போன்றவை. யூரிதேன் பந்துகள் இரண்டு. ஒன்று நடுத்தரமானது, ஒன்று கெட்டியானது. ப்ரோ வி1, ப்ரோ வி1எக்ஸ் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம். பொதுவாக எக்ஸ் என்ற எழுத்து சேர்ந்த பந்து சற்றுக் கெட்டியாகவும் உயரமாகப் பறப்பதாகவும் இருக்கும்.

ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்லீவ், அதாவது மூன்று பந்து கொண்ட சிறு பெட்டி போதும். எல்லாமே புதியதாக இருக்கட்டும். குளத்திலிருந்து எடுத்து விற்கும் பந்துகள் எவ்வளவு காலம் தண்ணீரில் கிடந்தன என்று யாருக்கும் தெரியாது. அவற்றை வைத்து ஒப்பிட்டால் பந்தின் வகையைச் சோதிக்கிறோமா, தண்ணீர் செய்த சேதத்தைச் சோதிக்கிறோமா என்றே புரியாது. பயிற்சித் திடலில் வாடகைக்குக் கிடைக்கும் ரேஞ்ச் பந்துகளும் உதவாது. அவை நீடித்து உழைப்பதற்காகச் செய்யப்பட்டவை, பறக்கும் விதமே வேறு.

போட்டிகளில் ஆடும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட பந்துகளின் பட்டியலை அந்த இரண்டு அமைப்புகளும் இணையத்தில் வெளியிட்டு மாதந்தோறும் புதுப்பிக்கின்றன. பந்தின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தும் குறியும் பட்டியலில் இருப்பதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும்.

படி 2: பெயரை மறையுங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. என்னைக் கேட்டால், சோதனையின் நேர்மையே இதில்தான் இருக்கிறது. விலை உயர்ந்த பந்து என்று தெரிந்தாலே அது நன்றாக நின்றதாக நமக்குத் தோன்றும். மலிவான பந்து என்று தெரிந்தால் குறை தேடுவோம்.

மூன்று வகையும் வெள்ளை நிறமாகவே இருக்கட்டும். கூட வரும் நண்பரிடம் பந்துகளைக் கொடுத்து, எந்த வகைக்கு எந்த நிறப் புள்ளி என்று அவர் மட்டும் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் நிறுவனத்தின் பெயர் தரையைப் பார்த்து இருக்கும்படி அவரே பந்தை வைக்கட்டும். நீங்கள் எழுதும் குறிப்பில் சிவப்பு, நீலம், பச்சை என்று மட்டும் இருக்கும். தனியாகப் போகிறீர்கள் என்றால் லோகோவின் மேல் அழியாத மையைப் பூசிவிடுங்கள். முழுமையாக மறையாது, ஆனாலும் உதவும்.

படி 3: பட்டிங்

கிரீனில் பந்தைக் குழியை நோக்கி உருட்டுவதுதான் பட்டிங். 20 அடி தூரத்திலிருந்து ஒவ்வொரு வகையையும் மாற்றி மாற்றி உருட்டுங்கள். இங்கே பந்துகளுக்கு இடையே உருளும் தூரத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. தெரிவது சத்தமும் கைக்கு வரும் உணர்வும். நாம் மென்மை என்று சொல்வதில் பெரும்பகுதி காதால் கேட்பது. எந்தச் சத்தம் உங்களுக்குப் பிடிக்கவில்லையோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அடுத்த படிக்குப் போகலாம்.

படி 4: 30 முதல் 50 யார்டு வரை

இங்கே அவசரப்படாதீர்கள். மொத்த நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கினாலும் தகும்.

ஒரே வெட்ஜ், ஒரே இடம், ஒரே இலக்கு. கிரீனில் பந்து விழ வேண்டிய இடத்தில் ஒரு துண்டை விரித்து வையுங்கள். இலக்கு கொடி இல்லை, அந்தத் துண்டுதான். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் வெட்ஜின் முகப்பைத் துடைத்து உலர்த்துங்கள். பள்ளக்கோடுகளில் மண்ணோ ஈரமோ இருந்தால் எல்லாப் பந்தும் ஒரே மாதிரி வழுக்கும், வித்தியாசம் மறைந்துவிடும்.

வரிசையை மாற்றிக்கொண்டே இருங்கள். சிவப்பை மட்டும் பத்து முறை அடித்துவிட்டு நீலத்துக்குப் போனால், அதற்குள் கை பழகியிருக்கும். நீலம் சிறந்தது என்று தோன்றிவிடும். சிவப்பு, நீலம், பச்சை. அடுத்து நீலம், பச்சை, சிவப்பு. அப்புறம் பச்சை, சிவப்பு, நீலம். ஒவ்வொரு நிறத்துக்கும் பத்து நல்ல அடியாவது சேரட்டும்.

"நல்ல அடி" எது என்பதை எப்போது முடிவு செய்வது? பந்து மட்டையை விட்ட உடனே, அது விழுவதைப் பார்ப்பதற்கு முன். தரையில் முதலில் பட்டதா, பந்தின் நடுவில் பட்டதா என்பது உங்கள் கைக்கே தெரியும். கெட்ட அடி என்றால் உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நண்பர் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார். விழுந்த பிறகு "அது சரியா படல" என்று ஒதுக்க ஆரம்பித்தால் சோதனைக்கு அர்த்தம் இல்லை.

பந்து எவ்வளவு உயரத்தில் கிளம்புகிறது, முதல் குதிக்குப் பிறகு பிடித்து நிற்கிறதா அல்லது ஓடுகிறதா, விழுந்த இடத்திலிருந்து எத்தனை காலடி தள்ளி நின்றது என்பதைக் கவனியுங்கள். கடைசியாகச் சொன்ன எண்ணிக்கையைத்தான் எழுத வேண்டும். யூரிதேன் பந்துக்கும் ஐயனோமர் பந்துக்கும் இந்தத் தூரத்தில் சுழற்சியில் நிமிடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் சுற்று வித்தியாசம் வருவது சாதாரணம். கருவி இல்லாமலே அது கண்ணுக்குத் தெரியும்.

சராசரி ஓட்டம் குறைவாக இருக்கும் பந்துதான் சிறந்தது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஒரு பந்து ஒவ்வொரு முறையும் ஆறு காலடி ஓடி நிற்கிறது, இன்னொன்று ஒருமுறை இரண்டு, ஒருமுறை ஒன்பது. நான் முதலாவதைத்தான் எடுப்பேன். ஆறு காலடி ஓடும் என்று தெரிந்தால் அதற்கேற்ப விழும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

நேரம் இருந்தால் ரஃப் எனப்படும் நீளப் புல் பகுதியிலிருந்தும் சில அடி அடித்துப் பாருங்கள். பந்துக்கும் முகப்புக்கும் இடையே புல் வந்துவிடுவதால் யூரிதேனின் அனுகூலம் வெகுவாகக் குறையும். உங்கள் அடுத்த அடி பெரும்பாலும் ரஃபிலிருந்துதான் என்றால் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

படி 5: அயர்ன்

நடுத்தர தூரத்துக்கான மட்டையான 7 அயர்னால் கிரீனை நோக்கி அடியுங்கள். இங்கே தூரத்தைவிட முக்கியமானது பந்து எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பது. செங்குத்தாக இறங்கினால் நிற்கும். சாய்வாக இறங்கினால் கிரீனின் பின்பக்கம் ஓடும். சுழற்சி குறைந்த பந்து சில யார்டு கூடுதலாகப் போகலாம், ஆனால் கிரீனைத் தாண்டி பங்கர் என்ற மணல் பள்ளத்தில் நின்றால் அந்தக் கூடுதல் எதற்கு? எதிர்க்காற்று இருந்தால் சுழற்சி மிகுந்த பந்து மேலே எழும்பி நின்று குறைவாகப் போகும், அதையும் பாருங்கள்.

பந்து பறப்பதை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் கருவி கிடைத்தால் பந்தின் வேகம், கிளம்பும் கோணம், சுழற்சி, கேரி (தரையில் படும்வரை பறந்த தூரம்), இறங்கும் கோணம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் 7 அயர்ன் அடி நிமிடத்துக்குச் சுமார் 7,000 சுற்று சுழல்கிறது. தொடக்கக்காரருக்கு அது வராது, வர வேண்டியதும் இல்லை. நமக்கு வேண்டியது நம் மூன்று பந்துகளுக்கு இடையே உள்ள வித்தியாசம். அறைக்குள் ராடார் வகைக் கருவியில் அடிக்கிறீர்கள் என்றால் பந்தில் உலோகப் புள்ளி ஒட்ட வேண்டுமா என்று கேளுங்கள். வலை அருகில் இருப்பதால் பந்து பறக்கும் தூரம் மிகக் குறைவு; சில கருவிகள் அதில் சுழற்சியை அளக்க முடியாமல் கணித்துத்தான் சொல்கின்றன. முக்கியமாக, அங்கே கொடுக்கும் பந்தால் அல்ல, உங்கள் பந்தால் அடியுங்கள்.

படி 6: டிரைவர்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். ஒவ்வொரு நிறத்திலும் சில பந்துகளை அடித்து, இடவலமாக எவ்வளவு பரவுகின்றன என்று பாருங்கள். சுழற்சி குறைந்த பந்து சற்றுக் குறைவாக வளையும், ஆனால் ஸ்லைஸை, அதாவது பந்து பக்கவாட்டில் வளைந்து விலகும் குறையை, குணப்படுத்தாது. அது மட்டையின் முகப்பும் பாதையும் சம்பந்தப்பட்ட விஷயம்.

"மெதுவாக அடிப்பவர்களுக்கு மென்மையான பந்துதான் தூரம் போகும்" என்ற அறிவுரையை அடிக்கடி கேட்பீர்கள். கம்ப்ரஷன் எண் (பந்து எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டும் எண்) குறைந்த பந்து கைக்கு இதமாக இருக்கும் என்பது உண்மை. வேகம் தரும் என்பது உண்மையல்ல. மற்றவை சமமாக இருந்தால் கெட்டியான பந்தே சற்று வேகமாகக் கிளம்புகிறது. மெதுவான சுவிங்கில் அந்த வித்தியாசம் இன்னும் சிறிதாகிவிடும். பிடித்த உணர்வுக்காக மென்மையானதை எடுங்கள், தூரத்துக்காக வேண்டாம். எல்லாப் பந்துகளும் ஒரே வெப்பத்தில் இருப்பதையும் உறுதி செய்யுங்கள். குளிர்ந்த பந்து குறைவாகத்தான் போகும்.

படி 7: ஆட்டத்தில் வைத்துப் பாருங்கள்

இப்போது நண்பரிடம் நிறங்களின் ரகசியத்தைக் கேட்டுவிடலாம். முன்னணியில் இருக்கும் இரண்டு பந்துகளைச் சாதாரண ஆட்டத்தில் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒரு குழிக்கு ஒன்று, அடுத்த குழிக்கு மற்றொன்று. குழி தொடங்கும்போது பந்தை மாற்ற விதி அனுமதிக்கிறது. ஒரே வகைப் பந்துதான் என்று போட்டிக் குழு தனி விதி போட்டிருந்தால் மட்டும் முடியாது. போட்டியில் ஒரே குழியில் சோதனைக்காக இரண்டாவது பந்தை அடித்துப் பார்ப்பது கூடாது, அபராதம் உண்டு.

பந்தின் மேனியையும் கவனியுங்கள். கூர்மையான புதிய வெட்ஜ், யூரிதேன் உறையை ஓரிரு அடியிலேயே சுரண்டிவிடும்.

எப்படி முடிவெடுப்பது?

படி 4-இல் எழுதிய எண்களுக்கு முதலிடம் கொடுங்கள், படி 5-க்கு அடுத்த இடம். டிரைவர் கடைசி, அங்கே மிக மோசமாக நடந்த பந்தை நீக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். இரண்டு பந்து சமமாக வந்தால் பட்டிங்கில் எது பிடித்திருந்தது என்று பாருங்கள்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் நிறையப் பந்துகளைத் தண்ணீரிலும் காட்டிலும் இழக்கிறீர்களா? அப்படியானால் தயங்காமல் ஐயனோமர் பந்தை எடுங்கள். ஆனால் ஒரே வகையாக எடுங்கள். பையில் கிடைத்ததையெல்லாம் கலந்து ஆடினால் 40 யார்டில் பந்து எவ்வளவு ஓடும் என்பதைக் கை ஒருபோதும் கற்றுக்கொள்ளாது. பந்து தொலைவது குறைந்த பிறகு யூரிதேனுக்கு மாறலாம்.

தேர்ந்தெடுத்த வகையில் ஒரு ஸ்லீவைத் திறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் தங்கள் முன்னணிப் பந்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியமைக்கின்றன. பெயர் அதேதான், உள்ளே மாறியிருக்கும். புதியது வந்ததும் முழுச் சோதனையும் வேண்டாம். பழைய ஸ்லீவையும் புதியதையும் எடுத்துக்கொண்டு நான்காவது படியை மட்டும் திரும்பச் செய்யுங்கள்.