மும்பையில் பாஸ் எடுக்கும்போது பணம் எங்கே ஒழுகுகிறது?

மாட்டுங்காவில் நாங்கள் இருக்கும் கட்டடத்துக்குத் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவன் குடிவந்தான். வேலை அந்தேரியில். வந்த வேகத்தில் மாட்டுங்கா ஸ்டேஷனில் கியூவில் நின்று மாதப் பாஸ் எடுத்துவிட்டு, "முடிச்சாச்சு அண்ணாச்சி" என்று காட்டினான். வாங்கிப் பார்த்தால், தாதர் வழி. அதாவது தினமும் காலையில் சென்ட்ரல் லைன் ஸ்லோ வண்டியில் ஒரே ஒரு ஸ்டேஷன் போக வேண்டும். அப்புறம் தாதரில் இறங்கி, பாலத்து நெரிசலில் நீந்தி, வெஸ்டர்ன் லைனில் மறுபடி இடித்துப்பிடித்து ஏற வேண்டும். இசட் பிரிட்ஜ் என்கிற நடைபாலம் வழியாகக் கொஞ்சம் நடந்தால் மாட்டுங்கா ரோடு ஸ்டேஷன். அங்கே ஏறினால் நேரே அந்தேரி.

பெயர் ஒன்றுபோல இருப்பதால் வரும் குழப்பம் இது. மாட்டுங்கா சென்ட்ரல் லைன், மாட்டுங்கா ரோடு வெஸ்டர்ன் லைன், அந்தப் பக்கம் கிங்ஸ் சர்க்கிள் ஹார்பர் லைன். மூன்றுக்கும் நடந்தே போகலாம். தாராவிக்காரர்களுக்கும் இப்படித்தான்: ஒரு பக்கம் சயான், மறு பக்கம் மாஹிம். வேலை எந்த லைனில் இருக்கிறதோ அந்த லைனின் ஸ்டேஷனிலிருந்து பாஸ் எடுக்க வேண்டும், வீட்டுக்குக் கிட்டத்தில் இருப்பதிலிருந்து அல்ல. பாஸ் விலையில் பெரிய வித்தியாசம் இராது. ஆனால் இரண்டு வண்டி மாறிக் களைத்து வருகிறவன்தான் கடைசியில் ஆட்டோவைக் கை காட்டுவான். 2025 பிப்ரவரியிலிருந்து மீட்டர் ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் 26 ரூபாய். மாதம் 26 நாள், ஒரு நடை மட்டும் ஆட்டோ என்றாலே 676 ரூபாய். பக்கத்து ஊர்களுக்கு இரண்டாம் வகுப்பு மாதப் பாஸ் அதில் பாதிகூட இல்லை. பாஸில் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்த்து ஆட்டோவில் அறுநூறை விடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருவன்தான்.

சரி, பாஸ் எடுப்பதா, தினம் டிக்கெட் எடுப்பதா? லோக்கல் ரயிலில் இரண்டாம் வகுப்பு மாதப் பாஸின் அடிப்படைக் கணக்கு 15 ஒருவழிப் பயணத்தின் கட்டணம். 2014 ஜூனில் இதை 30 பயணமாக்கப் போவதாக அறிவிப்பு வந்து, மும்பை கொந்தளித்து, சில நாட்களிலேயே பழையபடி 15 ஆனது. கூடுதல் கட்டணங்கள் சேர்வதால் சில தூரங்களுக்கு இது கொஞ்சம் ஏறும். பொதுவாக மாதத்தில் பத்துப் பதினோரு நாள் போய்வந்தால் பாஸ் காசு வந்துவிடும். வாரம் மூன்று நாள் ஆபீஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம், பாஸ்தான். வாரம் இரண்டு நாள் என்றால் இழுபறி. கியூ தொல்லை இல்லை என்பதற்காக எடுக்கலாம், லாபம் என்று நினைத்து எடுக்காதீர்கள்.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. நீண்ட காலப் பாஸ் எடுத்தால் தள்ளுபடி கூடிக்கொண்டே போகும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கும் இருந்தது. அதனால்தான் ஒரு ஜனவரியில் வருடப் பாஸ் எடுத்து வைத்துக்கொண்டு, ஏப்ரலில் வேலை மாறி, வேறு லைனுக்குப் போனேன். உண்மையில் மூன்று மாதப் பாஸ் என்பது மாதப் பாஸைப் போல 2.7 மடங்கு. ஆறு மாதப் பாஸ் 5.4 மடங்கு. வருடப் பாஸ் 10.8 மடங்கு. வகுத்துப் பாருங்கள், மூன்றுக்கும் ஒரே 10 சதவீதம்தான். மாதம் 200 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்துக்கு 540. நான்கு முறை எடுத்தால் 2,160. வருடப் பாஸும் 2,160. பணத்தை முன்கூட்டியே முடக்குவதற்கு ஒரு பைசா கூடுதல் லாபம் இல்லை.

இதில் நம் ஆட்களுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு, ஊரில் கோயில் கொடை, யார் வீட்டிலாவது கல்யாணம். எப்படியும் ஒரு மாதம் ஊரில்தான். வருடப் பாஸ்காரர் அந்த மாதத்துக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார். மூன்று முறை மூன்று மாதப் பாஸ், இரண்டு முறை மாதப் பாஸ் என்று 11 மாதத்துக்கு எடுத்தால் 10.1 மடங்குதான் ஆகிறது. ஊருக்குக் கிளம்பும் தேதியை ஒட்டி பாஸ் முடிகிற மாதிரி எடுத்துக்கொண்டால் போதும். நடுவில் கட்டணம் ஏறினால் வருடப் பாஸ் காப்பாற்றுமே என்பார்கள். நியாயம்தான். ஆனால் 2025 ஜூலையில் ரயில் கட்டணம் கூடியபோதுகூடப் புறநகர் ரயிலையும் சீசன் டிக்கெட்டையும் தொடவில்லை.

ஏசி லோக்கலும் ஃபர்ஸ்ட் கிளாஸும் வேறு கதை. 2022 மே 5 முதல் இந்த இரண்டிலும் ஒருவழி டிக்கெட் விலையைப் பாதியாகக் குறைத்தார்கள். ஏசியில் முதல் ஐந்து கிலோமீட்டருக்கு 65 ரூபாய் இருந்தது 30 ஆனது. பாஸ் விலையை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால் பாஸ் காசு வருவதற்கு முன்பைவிட இரண்டு மடங்கு பயணம் செய்ய வேண்டும். பலர் இன்னும் பழைய ஞாபகத்தில் ஏசி பாஸ் எடுக்கிறார்கள். உங்கள் தூரத்துக்குப் பாஸ் விலையை ஒருவழி டிக்கெட் விலையால் வகுத்து, வருகிற எண்ணிக்கையை மாதத்தில் உண்மையாகவே தாண்டுவீர்களா என்று பாருங்கள். காலையில் மட்டும் ஏசி, சாயங்காலம் கிடைத்த வண்டி என்று போகிறவர்களுக்கு, கையில் இரண்டாம் வகுப்பு பாஸை வைத்துக்கொண்டு ஏசிக்கு அன்றன்றைக்கு டிக்கெட் எடுப்பது பல நேரம் மலிவாக வரும்.

ஆனால் இரண்டாம் வகுப்பு பாஸோடு ஃபர்ஸ்ட் கிளாஸில் "ஒரு ஸ்டேஷன்தானே" என்று ஏறுவது வேண்டாம். டிக்கெட் பரிசோதகர் பிடித்தால் டிக்கெட் காசோடு அபராதம் குறைந்தது 250 ரூபாய். பாஸ் எல்லையைத் தாண்டிப் போனாலும் இதே கதிதான். தாண்டும் தூரத்துக்குத் தனி டிக்கெட்டை ஏறும்முன் எடுத்துவிடுங்கள். மொபைல் பாஸை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் காட்டினால் செல்லாது, ஆப்பைத் திறந்து காட்ட வேண்டும்.

மெட்ரோவில் கணக்கு இன்னும் சுவாரசியம். 2ஏ, 7 என்ற இரண்டு லைன்களில் 'மும்பை 1' என்கிற பயண கார்டு வந்தபோது, வார நாட்களில் சாதாரணமாகத் தட்டிப் போனாலே 5 சதவீதம் தள்ளுபடி. பிறகு 30 நாளுக்குள் 45 பயணம் என்ற பாஸுக்கு 15 சதவீதம், 60 பயணத்துக்கு 20 சதவீதம் என்று கொண்டுவந்தார்கள். இருபது பெரிது என்று 60ஐ எடுப்பதுதான் தவறு. 60க்கு நீங்கள் கொடுப்பது 48 டிக்கெட் விலை. வாரம் ஐந்து நாள் போகிறவருக்கு மாதம் 44 பயணத்துக்கு மேல் வராது. அவருக்கு 45 பாஸ் போதும், சுமார் 38 டிக்கெட் விலையில் முடிந்துவிடும். வாரம் ஆறு நாள் போகிறவருக்கு 52 பயணம். அவர்கூட 45 பாஸோடு மீதி ஏழு பயணத்தைக் கார்டில் தட்டிப் போனால் 45 டிக்கெட் விலைதான், 60 பாஸின் 48ஐவிடக் குறைவு. 55 பயணம் தாண்டினால்தான் பெரிய பாஸுக்கு அர்த்தம்.

அப்புறம், வர்சோவா–காட்கோபர் மெட்ரோ வேறு நிர்வாகம். ஒரு லைனில் எடுத்த பயணப் பாஸ் இன்னொரு லைனில் ஓடாது. அந்தேரியில் மாறுகிறவர்கள் இரண்டு கட்டணத்தையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

பெஸ்ட் என்கிற மும்பை மாநகரப் பஸ்ஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 மே 9 முதல் குறைந்தபட்சக் கட்டணம் சாதா வண்டிக்கு 5லிருந்து 10, ஏசிக்கு 6லிருந்து 12 ரூபாய். எங்கும் எத்தனை முறையும் ஏறலாம் என்கிற மாதப் பாஸ் 900லிருந்து 1,800 ஆனது. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு மட்டும் பஸ் ஏறுகிறவருக்கு, ஏசி வண்டியிலேயே போய்வந்தாலும் மாதம் 624 ரூபாய்தான். பழைய பழக்கத்தில் 1,800 கட்டினால் நஷ்டம்தான். ஏழெட்டு இடம் அலைகிற கூரியர் பையன்களுக்கும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளுக்கும்தான் அது சரிப்படும்.

கடைசியாகத் தேதி. ஞாயிற்றுக்கிழமை முடியும் பாஸை யாரும் சனிக்கிழமை நினைப்பதில்லை. திங்கள் காலை எட்டரைக்கு வண்டி வரும்போதுதான் ஞாபகம் வரும். ரயில்வே ஆப்பில் எடுத்தால் பாஸ் மறுநாளிலிருந்துதான் செல்லும், அன்றைக்குத் தனி டிக்கெட் வேண்டும். நம்ம தம்பிக்கு இதைச் சொல்லியிருந்தேன். முந்தின வாரமே மொபைலில் மணி வைத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று மாதத்துக்கு எடுத்தான். இந்தத் தடவை மாட்டுங்கா ரோட்டிலிருந்து.