உறைமழைக்குப் பிறகு: கரண்ட் போன வீடும் சாய்ந்த மரமும்

உறைமழை, அதாவது விழுந்த இடத்திலேயே ஐஸாக உறையும் மழை, நின்றதுமே வெளியே இறங்கிவிடாதீர்கள். கிளைகளில் கால் அங்குலம் ஐஸ் படிந்தாலே முறிய ஆரம்பிக்கும்; அரை அங்குலமானால் மின்கம்பிகளும் அறுந்து விழும். அந்தப் பாரம் ஐஸ் உருகும்வரை இறங்காது. வெயில் பட்டாலும் காற்று அடித்தாலும், பல மணி நேரம் கழித்தும் கிளை விழும். நடக்கப் போகும் வழிக்கு மேலே என்ன தொங்குகிறது என்று முதலில் ஜன்னல் வழியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுந்து கிடக்கும் கம்பியில் தீப்பொறி இல்லாவிட்டாலும் கரண்ட் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் மரம், இரும்பு வேலி, தேங்கிய தண்ணீர் எல்லாமே அதே ஆபத்துதான். தெரியாமல் பக்கத்தில் போய்விட்டால், இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையிலிருந்து தூக்காமல் தேய்த்தபடியே விலகுங்கள். காலை அகட்டி வைத்தால் ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே கரண்ட் இறங்கும்.

ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை வாய் ஜன்னல்களுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி நிற்க வேண்டும். கதவைத் திறந்து வைத்தாலும் கார் ஷெட்டுக்குள் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் எல்லோரும் உடனே வெளியேறுங்கள். இந்த வாயுவைக் கண்டு ஒலிக்கும், பேட்டரியில் ஓடும் அலாரம் ஒன்று படுக்கும் இடத்தருகே கட்டாயம் வேண்டும். கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டினாலும் இதே விஷம்தான்.

ஜெனரேட்டர் வயரைச் சுவர் பிளக்கில் சொருகவே சொருகாதீர்கள். கரண்ட் பின்னோக்கிப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் உயர் மின்னழுத்தமாக மாறி, தெருவில் கம்பி சரிசெய்பவரைக் கொன்றுவிடும். வீட்டைத் தெருக் கம்பியிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் இல்லையென்றால், வெளியில் பயன்படுத்தும் தடிமனான எக்ஸ்டென்ஷன் வயரில் ஒவ்வொரு கருவியையும் நேராக இணையுங்கள். வயரைச் சுருளாக விட்டால் சூடேறி உருகும். ஃபிரிட்ஜ் மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல் பல மடங்கு இழுக்கும். அதை முதலில் ஓடவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். பெட்ரோல் ஊற்றும் முன் இன்ஜினை நிறுத்தி ஆறவிடுங்கள்.

திறக்காத ஃபிரிட்ஜில் உணவு 4 மணி நேரம் தாங்கும்; நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24. வெளியே பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து உள்ளே அடுக்கினால் இன்னும் நீளும்.

வீடு உறைநிலையை நெருங்கினால் தண்ணீர் ஹீட்டரை முதலில் அணைத்துவிட்டு, மெயின் வால்வை மூடி, மேல்மாடிக் குழாயையும் ஆகக் கீழே உள்ள குழாயையும் திறந்து வடியவிடுங்கள். ஹீட்டரை அணைக்க மறந்தால், தொட்டி காலியானதும் உள்ளே சூடாக்கும் கம்பிச்சுருள் கருகிப்போகும்.

இனி மரம். கம்பியைத் தொடுவது, கூரையில் சாய்ந்தது, இன்னொரு மரத்தில் சிக்கி நிற்பது, ஏணி ஏறி அறுக்க வேண்டியது: இவை நான்கும் மரம் வெட்டுவதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு உரியவை. தரையில் கிடப்பதை மட்டும் நீங்கள் அறுக்கலாம். ஹெல்மெட், கண் கவசம், காதடைப்பு, செயின்சாவுக்கான (இன்ஜினில் ஓடும் சங்கிலி ரம்பம்) கால் கவசம், பிடிமானமுள்ள பூட்ஸ் வேண்டும். நிற்கும் இடத்திலும் விலகும் வழியிலும் மணல் தூவுங்கள்.

ரம்பத்தை வைக்கும் முன் மரம் எந்தப் பக்கம் நெருக்குண்டிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு முனையும் தாங்கலில் இருந்து நடுப்பகுதி தொங்கினால் நெருக்கம் மேலே. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மிச்சத்தைக் கீழிருந்து அறுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கலில் இருந்தால் நெருக்கம் கீழே. அப்போது கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. முறை மாறினால் ரம்பம் கவ்விக்கொள்ளும், அல்லது மரம் பிளந்து தெறிக்கும். ரம்பம் மாட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காதீர்கள். இன்ஜினை அணைத்து, பிளவில் பிளாஸ்டிக் ஆப்பு அடித்து எடுங்கள். ரம்பத்தின் சங்கிலி ஓடும் நீண்ட தகட்டின் நுனி மேல்பகுதி எதிலும் படக்கூடாது. பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும்.

பெரிய மரத்தடியில் அழுந்தி வில்லாக வளைந்து நிற்கும் இளமரத்தைத் தொடாதீர்கள். அறுத்த கணம் அடித்துவிடும். வேரோடு சாய்ந்த மரத்தில் தண்டை அறுத்ததும் பாரம் குறைந்து அடிமரம் திடீரென நிமிர்ந்து குழிக்குள் உட்காரும். அந்தக் குழிப்பக்கம் யாரும் நிற்கக்கூடாது, குழந்தைகள் எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது.

ஐஸ் பாரத்தில் குனிந்த சிறு மரங்களை உலுக்கவோ தட்டவோ வேண்டாம். உறைந்த கிளை சட்டென ஒடியும். தானாக உருகவிட்டால் பல மரங்கள் நிமிர்ந்துவிடும். பாதி முறிந்த கிளையை மூன்று வெட்டாக எடுங்கள்: அடிமரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளிக் கீழிருந்து ஒன்று, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒன்று, கடைசியாக மிச்சக் கட்டையை, கிளை அடியில் தடித்திருக்கும் வளையத்தைச் சேதப்படுத்தாமல் அதன் வெளிவிளிம்பில் ஒன்று. முதல் வெட்டு இல்லாமல் மேலிருந்து அறுத்தால் கிளை விழும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். வெட்டிய இடத்தில் தாரோ பெயின்டோ பூச வேண்டாம்.