சாய்ந்த பிக் புளூஸ்டெம் நிமிர்ந்த கதை
அமெரிக்காவின் இல்லினாய் வீட்டு முன்புறத்தில் வைத்த பிக் புளூஸ்டெம் என்ற உயரமான புல் 6 அடி வளர்ந்து, ஆகஸ்டில் ஒரே மழைக்குச் சாய்ந்துவிட்டது. குச்சி நட்டுக் கயிறு கட்டினேன்; கட்டிய இடத்திலேயே தண்டு மடங்கியது. சத்துக் குறைவோ என்று யூரியா வைத்தது பெரிய தப்பு. கொழுத்து, இன்னும் சாய்ந்தது.

பிறகுதான் கண்ணில் பட்டது: விழுந்தவை எல்லாம் புல்தரையை ஒட்டிய தூர்கள். சரளைக்கல் ஓரத்துத் தூர்கள் அசையவே இல்லை! புல்தரைக்குப் போடும் நைட்ரஜன் உரமும் ஸ்பிரிங்ளர் தண்ணீரும் விழுந்த தூர்களுக்கும் போய்க்கொண்டிருந்தன. வறண்ட, சத்துக் குறைந்த மண்ணில்தான் இது சாயாமல் நிற்கும்.

ஸ்பிரிங்ளரை வேறு பக்கம் திருப்பினேன், தூர்களிலிருந்து 3 அடி தூரத்துக்கு உரத்தை நிறுத்தினேன். மார்ச்சில் 4 அங்குலம் விட்டு வெட்டி, ஜூன் நடுவில் 2 அடி வந்ததை மறுபடி 1 அடிக்குக் குறைத்தேன். வான்கோழிக் கால்போல் மூன்றாகப் பிரியும் கதிர் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் ஒரு தூரும் விழவில்லை.