அம்மாவின் அலுமாரிக்குள் மல்லியிலை

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் பிளாட் நாலாம் மாடி. பல்கனி இருக்கிறது. ஆனால் அதற்கு நேரே ஏழடி தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மதியம் ஒரு இருபது நிமிடம் வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். கோண்டாவிலில் கிணற்றடி வாழைக்குக் கீழே தானாகப் படர்ந்த வல்லாரையைப் பிடுங்கிச் சம்பல் அரைத்துத் தின்று வளர்ந்தவள் நான். ஒரு பிடி மல்லியிலைக்காக நாலு மாடி இறங்கிக் காலி வீதிக்குப் போவது எனக்குக் கடைசிவரை பழகவில்லை. 2022இல் சாமான் விலையெல்லாம் தலைக்கு மேலே போன நேரம் பல்கனியில் சாடி வைத்துப் பார்த்தேன். கன்றுகள் வெளிச்சத்தைத் தேடி நூல் மாதிரி நீண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, அப்படியே விழுந்துவிட்டன.

அடுத்த வருடம் அம்மாவின் பழைய அலுமாரி ஒன்றை வீட்டுக்குள் ஒரு தோட்டமாக மாற்றினேன். அதில் இரண்டு வருடத்துக்கு மேலாக மல்லியிலை, வல்லாரை, புதினா, சலாதுக்கீரை எல்லாம் வளர்க்கிறேன். வெயில் வராத வீட்டில் இருக்கும் யாரும் இதைச் செய்யலாம். எங்கே பிழை விட்டேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அலுமாரி. என்னுடையது மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம், இரண்டு கதவு, பழைய தேக்கு. உங்களிடம் மரத்தாலான ஒன்று இருந்தால் அதை எடுங்கள். அமுக்கிய மரத்தூள் பலகையில் செய்த மலிவான அலுமாரி வேண்டாம். தண்ணீர் பட்டால் பாண் ஊறின மாதிரி உப்பிவிடும். உள்ளே இருக்கும் தட்டுகளைக் கழற்றி, இடுப்பு உயரத்தில் ஒன்றை மட்டும் விடுங்கள். அந்தத் தட்டில்தான் செடிகள் நிற்கும். கீழ்ப்பகுதி உரம், விதை, தண்ணீர்க் கான் வைப்பதற்கு.

உட்பக்கம் முழுவதும் மினுமினுப்பு இல்லாத வெள்ளைப் பெயின்ற் இரண்டு பூச்சு அடியுங்கள். அதற்கு முன் மரத்துக்கு ஈரம் இறங்காத அடிப்பூச்சு ஒன்று கட்டாயம். சிலர் சமையலறையில் பாவிக்கும் வெள்ளித்தாளை ஒட்டுகிறார்கள். அது கசங்கி, வெளிச்சத்தை அங்கும் இங்கும் சிதறடிக்கும். அதோடு மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் உலோகத் தாள் ஒட்டுவது எனக்குப் பயம். வெள்ளைப் பெயின்ற் அதைவிடச் சீராக வெளிச்சத்தைத் திருப்பித் தரும்.

வெளிச்சத்துக்கு நான் போட்டது இரண்டடி நீளமான எல்.ஈ.டி. ரியூப் ஆறு. ஒவ்வொன்றும் 10 வாட், சட்டத்தோடு சேர்ந்தே வருபவை. புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். சமையலறைக்குப் போடும் அதே வெள்ளை ரியூப்தான். பெட்டியில் 6500 கெல்வின் என்று எழுதியிருப்பதை எடுங்கள். ஊதா நிற வெளிச்சம் தரும் விளக்குகளும் விற்கிறார்கள். அதன் கீழே எல்லா இலையும் ஒரே கறுப்பாகத் தெரியும். இலை மஞ்சளிக்கிறதா, புள்ளி விழுகிறதா என்று பார்க்க முடியாது. செடி நமக்கு ஏதும் சொல்வதென்றால் இலையின் நிறத்தால்தானே சொல்லும்? ஆறு ரியூப்பையும் ஒரு பலகையில் வரிசையாகப் பூட்டி, இரண்டு பக்கமும் சங்கிலி போட்டுத் தொங்கவிடுங்கள். இலை நுனிக்கும் விளக்குக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி போதும். செடி வளர வளரச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாக ஏற்றிக்கொள்ளலாம்.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன். கதவைச் சாத்தி விளக்கைப் போட்டேன். இரண்டு மணித்தியாலம் கழித்துத் திறந்தபோது முகத்தில் அடித்த வெக்கை இன்னும் நினைவிருக்கிறது. உள்ளே வைத்த வெப்பமானி 37 பாகை காட்டியது. வெளியே அறையில் 29. தம்பி கட்டுநாயக்கவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை செய்தவன். அவன் வந்து உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இது போறணை மாதிரிக் கிடக்கு. காத்து வெளியில போக ஒரு வழியும் வைக்கேல்லையே" என்றான்.

கொழும்பில் இந்த வேலை செய்பவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டியது அதுதான். வெளிச்சத்தைக் கடையில் வாங்கிவிடலாம். புழுக்கத்தை வெளியேற்றத்தான் பாடுபட வேண்டும். எல்.ஈ.டி. சூடு தராது என்று நினைக்காதீர்கள். 60 வாட் உள்ளே போனால் கடைசியில் அந்த 60 வாட்டும் வெக்கையாகத்தான் அலுமாரிக்குள் நிற்கும். அதோடு செடி விடும் ஈரமும் சேரும். நம் ஊர்க் காற்று ஏற்கெனவே ஈரம். மூடின பெட்டிக்குள் அது தேங்கினால் பூஞ்சணம் வராமல் வேறென்ன வரும்?

தம்பி செய்து தந்த வழி இது. பழைய கணினியில் இருந்து கழற்றிய 12 சென்ரிமீற்றர் விசிறி இரண்டு. அலுமாரியின் முதுகுப் பலகையில், மேல் மூலைக்குக் கிட்ட, விசிறி அளவுக்கு வட்டமாக இரண்டு துளை. விசிறி காற்றை வெளியே தள்ளும்படி பூட்ட வேண்டும். சூடான காற்று மேலே ஏறும், விசிறி அதை இழுத்து வெளியே விடும். உள்ளே வரும் காற்றுக்குச் செடித் தட்டின் மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கப் பலகைகளில் நீளமான துளைகள். உள்ளே வரும் வழி வெளியே போகும் வழியைவிடப் பெரிதாக இருக்கட்டும். எல்லாத் துளைக்கும் நுளம்பு வலை ஒட்டுங்கள். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் முன்னே இழுத்து விடுங்கள், இல்லாவிட்டால் வெளியே போன வெக்கை திரும்ப உள்ளேதான் வரும். விசிறி 12 வோல்ற் அடப்ரரில் ஓடும். அதை இரவு பகல் நிறுத்துவதில்லை. இவ்வளவும் செய்த பிறகு அலுமாரிக்குள் 31 பாகைக்கு இறங்கியது.

மிச்ச இரண்டு பாகையையும் நேரத்தை மாற்றிக் குறைத்தேன். விளக்கைப் பகலில்தான் போட வேண்டும் என்று எந்தச் செடியும் கேட்பதில்லை. என்னுடைய ரைமர் இரவு 10.30க்கு விளக்கைப் போட்டு, மறுநாள் முற்பகல் 11.30க்கு நிறுத்தும். அறை குளிர்ந்திருக்கும் நேரத்தில் செடிக்குப் பகல், வெயில் கொளுத்தும் பின்னேரத்தில் செடிக்கு இரவு. மாலை 6.30இலிருந்து இரவு 10.30 வரை நாடு முழுவதும் மின்சாரம் அதிகம் இழுக்கும் உச்ச நேரம். அந்த நேரத்தில் நான் ஒரு விளக்கும் எரிப்பதில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு.

பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கொழும்பில் வருடம் முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியாலம்தான். பதினாறு, பதினெட்டு என்று கூட்டினால் மல்லி சீக்கிரம் பூக்கத் தண்டு விட்டுவிடும். பிறகு வருவது கறிக்கு உதவாத, நூல் போன்ற இலை. விளக்கும் விசிறியும் சேர்ந்து மாதம் 26 அலகுக்குள் முடிகிறது. ஆனால் உங்கள் பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மாதம் 60 அலகைத் தாண்டாத வீட்டுக்கு ஒரு கட்டணம், தாண்டின வீட்டுக்கு வேறு. எல்லைக் கோட்டில் நிற்பவர்கள் மூன்று ரியூப்போடு தொடங்குவது நல்லது.

மின்சார வேலையில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. கரண்ட் கசிந்தால் தானாக விழும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல செருகிகள் போடும் மல்ரி பிளக்கை அலுமாரிக்கு வெளியே, நிலத்தில் இருந்து உயரமாக, சுவரில் பூட்டுங்கள். வயர் நேரே பிளக்குக்குள் போகாமல் ஒருமுறை கீழே தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். வயர் வழியே தண்ணீர் வழிந்தாலும் தொங்கும் இடத்தில் சொட்டி விழுந்துவிடும். உலோகச் சட்டம் உள்ள ரியூப் என்றால் எர்த் வயர் கட்டாயம். இந்த வேலை தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

இனி மண். வீட்டுக்குள் தோட்டத்து மண் கொண்டுவர வேண்டாம், பூச்சியும் சேர்ந்து வரும். கட்டியாக அமுக்கிய தும்புத்தூள் எங்கும் கிடைக்கும். அதை ஊறவைத்து, மூன்று முறையாவது தண்ணீர் மாற்றிக் கழுவிப் பிழியுங்கள். தும்பில் உப்பு இருக்கும். முதல் முறை நான் கழுவாமல் போட்டேன். பத்தாம் நாள் மல்லிக் கன்றுகளின் இலை ஓரமெல்லாம் நெருப்பில் காட்டின மாதிரிக் கருகியிருந்தது. கழுவின தும்புத்தூள் மூன்று பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. மல்லியின் ஆணிவேர் கீழே ஓடும் என்பதால் ஆறு அங்குல ஆழமான, அடியில் துளை போட்ட பிளாஸ்ரிக் பெட்டி வேண்டும்.

தும்பில் சத்து இல்லை, நாம்தான் கொடுக்க வேண்டும். மண்ணில்லாப் பயிருக்கென்று இங்கே விற்கும் அல்பேர்ட் கரைசல் தூளை லீற்றருக்கு 1 கிராம் கரைத்து விடுகிறேன். செடி வளர்ந்த பிறகு 2 கிராம் வரை போகலாம். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்த மாதங்களில் வீட்டுத்தோட்டக்காரர்கள் இதற்கும் அலைந்தார்கள். ஒரு பொதியைக் காற்றுப் புகாத போத்தலில் போட்டு வைத்திருங்கள்.

மல்லி விதைக்குக் கடைக் கொத்தமல்லியே போதும், வறுக்காததாக இருந்தால் சரி. அந்த உருண்டை ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இரண்டு பாதி, ஒவ்வொன்றும் ஒரு விதை. பிளக்காமல் போட்டால் தண்ணீர் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும், முளைப்பதும் ஆளுக்கொரு நாளாக இழுபடும். நான் ஒரு பிடி மல்லியைத் துணியில் பரப்பி, ரொட்டி உருட்டும் கட்டையை மெல்ல உருட்டுவேன். 'நொறுக்' என்று ஒரு சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு முறை உருட்டினால் கறித்தூள்தான். பிறகு இரவு முழுவதும் தண்ணீரில் ஊறட்டும். காலையில் அரை அங்குல ஆழத்தில் விதைத்தால் ஒரு கிழமை, பத்து நாளில் முளை தெரியும். ஆறாம் கிழமைக்கு முன்னேயே வெட்டலாம்.

சலாதுக்கீரைக்கு வேறு வித்தை. அந்த விதை 30 பாகைக் காலநிலையில் தூங்கிவிடும், எத்தனை நாள் காத்திருந்தாலும் முளைக்காது. நான் இரண்டு முறை விதை பழுது என்று குப்பையில் கொட்டியிருக்கிறேன். ஈரக் கடதாசியில் மடித்து, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வையுங்கள். எடுத்து மண்ணுக்கு மேலே தூவி, புதைக்காமல் மெல்ல அழுத்தி விடுங்கள். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். உருண்டையாக மூடும் வகை நுவரெலியாக் குளிருக்குத்தான் சரி. நமக்கு விரிந்து வளரும் வகை. வெளி இலைகளை இளசாகவே ஒடித்துச் சாப்பிடுங்கள், முற்றினால் கசக்கும்.

முதன்முதலாகச் செய்பவர்கள் இவை இரண்டையும் விட்டுவிட்டு வல்லாரையில் தொடங்குங்கள். சந்தையில் வாங்கும் கட்டில் வேரோடு உள்ள கணுக்கள் நாலைந்து இருக்கும். அவற்றைப் பெட்டியில் பதித்து ஈரம் காயாமல் பார்த்தால் போதும், வேறொன்றும் கேட்காது. புதினாவும் அப்படித்தான். இலையை உருவின தண்டைத் தண்ணீரில் வைத்தால் ஒரு கிழமையில் வேர் விடும்.

தண்ணீரைக் கூட்டாதீர்கள். எனக்கு நடந்தது இது. ஒரு பெட்டி முழுக்க இரண்டு இலைப் பருவத்தில் மல்லிக் கன்று. இரவு பார்த்தபோது நிமிர்ந்து நின்றது. விடியக் கதவைத் திறந்தால் பாதிக்கு மேல் படுத்துக் கிடந்தது. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். இலை இன்னும் பச்சை. தண்டு மட்டும் மண்ணைத் தொடும் இடத்தில் தையல் நூல் போலச் சுருங்கி, தண்ணீர் கோத்த நிறத்தில் இருந்தது. ஈரம் கூடினால் இளங்கன்றைத் தாக்கும் பூஞ்சண நோய் அது, நாற்றழுகல் என்பார்கள். அதற்கு மருந்து தேடிப் பயனில்லை, மண்ணோடு கொட்டிப் பெட்டியைக் கழுவிக் காயவைக்க வேண்டியதுதான். இப்போது விரலை மண்ணுக்குள் ஒரு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுகிறேன். அதுவும் விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில், இலை நனையாமல்.

பெட்டிகளுக்குக் கீழே வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரை அன்றன்றே ஊற்றிவிடுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஊற்றினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் உயிரோடு இருக்கும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பூச்சாடித் தட்டைத்தான் முதலில் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். எங்கள் மாடியில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கடலோரம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மே மாதம் தென்மேற்குக் காற்று எழும்பினால் மரைன் டிரைவ் பக்கமிருந்து உப்பு வீட்டுக்குள் வரும். விசிறி இதழிலும் ரியூப் முனையிலும் படிந்து துருவைக் கிளப்பும். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள். கரண்ட் போனால் பதற வேண்டாம். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடு முழுக்க மின்சாரம் நின்ற அன்றும் நான் செய்தது அலுமாரிக் கதவுகளை அகலத் திறந்து வைத்தது மட்டும்தான். ஒரு நாள் இருட்டு செடிக்கு ஒன்றும் செய்யாது. விசிறி ஓடாமல் மூடிக்கிடப்பதுதான் கேடு.

ஒரே நாளில் எல்லாப் பெட்டியிலும் விதைக்காமல், இரண்டு கிழமைக்கு ஒரு பெட்டி என்று மாற்றி மாற்றி விதையுங்கள். வெட்டும்போது மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் விட்டு, கூரான கத்தரிக்கோலால் வெட்டினால் மல்லி இன்னொரு முறை துளிர்க்கும். இரண்டாம் வெட்டுக்குப் பிறகு வேரோடு பிடுங்குங்கள். அந்த வேரையும் எறியாதீர்கள். நன்றாகக் கழுவித் தட்டி ரசத்தில் போடுங்கள், இலையைவிட வாசம் அதில்தான் இருக்கிறது.