'உள்ளூர்ச் சாமான்' என்று நம்பி வாங்கும்போது நாம் விடும் பிழைகள்

போன மாதம் திருகோணமலை மத்திய வீதிக் கடையொன்றில் மச்சாள் ஒரு ரைஸ் குக்கர் வாங்கினார். பெட்டியில் பெரிதாகச் சிங்கக்கொடி, பக்கத்தில் கொழும்பு முகவரி. "எங்கட நாட்டுச் சாமான் அக்கா, வரி இல்லை, அதுதான் மலிவு" என்றாராம் கடைக்காரர். வீட்டுக்கு வந்து குக்கரைக் கவிழ்த்தால், அடியில் பொடி எழுத்தில் சீனத் தயாரிப்பு என்று இருக்கிறது. கொழும்பு முகவரிக்கு முன்னால் 'விநியோகம்' என்று ஒரு சொல் இருந்தது. அதை யாரும் வாசிக்கவில்லை.

தயாரித்தவர், பொதி செய்தவர், இறக்குமதி செய்தவர், விநியோகிப்பவர் எல்லாரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. முகவரியை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் அடிக்கடி நடக்கிற பிழை. பார்கோட் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்: 479இல் தொடங்கினால் இலங்கை, 890 என்றால் இந்தியா என்று. அந்த இலக்கம் கம்பனி எந்த நாட்டில் பதிந்து பார்கோட் எடுத்தது என்பதைத்தான் சொல்லும். சீனாவில் செய்வித்த சாமானிலும் 479 இருக்கலாம். எஸ்.எல்.எஸ் முத்திரையோ தரத்துக்கானது, பிறந்த ஊருக்கானது அல்ல.

சரி, உண்மையாகவே இங்கே செய்த சாமான் என்றால்? அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. அதற்கு நாம் தூரம் போகத் தேவையில்லை, சீனக்குடாப் பக்கம் பார்த்தால் போதும். பிரீமா மா ஆலை 1980இலிருந்து அங்கே மா அரைக்கிறது. ஆனால் கோதுமை இலங்கையில் விளைவதில்லை, கப்பலில்தான் வருகிறது. டோக்கியோ சீமெந்து ஆலையும் வெளிநாட்டிலிருந்து வரும் கிளிங்கரை, அதாவது சூளையில் சுட்ட சீமெந்துக் கட்டிகளை, அரைத்துத்தான் சீமெந்தாக்குகிறது. இரண்டும் உள்ளூர்த் தயாரிப்புத்தான், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பவைதான். ஆனால் 2022இல் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360 வரை ஏறியபோது, உள்ளூர்ச் சாமான் என்பதற்காக மாவும் சீமெந்தும் விலை ஏறாமல் நிற்கவில்லை. மூலப்பொருள் டொலரில் வந்தால் விலையும் டொலரோடுதான் ஓடும்.

எவ்வளவு வேலை இங்கே நடந்தால் அது 'இலங்கைத் தயாரிப்பு'? 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை இதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. வெளி மூலப்பொருளில் செய்த சாமான் என்றால், ஏற்றுமதி விலையில் பொதுவாகக் குறைந்தது 35 சதவீதம் இங்கே சேர்ந்த பெறுமதியாக இருக்க வேண்டும். சுங்கப் பட்டியலில் அதன் நான்கு இலக்கத் தலைப்பும், அதாவது பொருளின் வகை எண்ணும், மூலப்பொருளினதிலிருந்து மாறியிருக்க வேண்டும். கோதுமை 1001, கோதுமை மா 1101. தலைப்பு மாறிவிட்டது. கிளிங்கர் 2523, அரைத்த சீமெந்தும் அதே 2523! எனக்கு இதில் எப்போதும் ஒரு சிரிப்பு. இரண்டுமே அரைக்கிற வேலைதான், சுங்கத்தின் கண்ணுக்கு ஒன்று புதுப் பொருள், மற்றது பழையதே.

அடுத்த பிழை, இறக்குமதிச் சாமானுக்குத் தீர்வை வீதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது. "20 சதவீதம்தானே, ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்பார்கள். துறைமுகத்தில் வந்திறங்கும்போது 10,000 ரூபாய் பெறுமதியான சாமான் என்று வைப்போம். சுங்கத் தீர்வை 20 சதவீதம் என்றால் 2,000. துறைமுக, விமான நிலைய அறவீடு 10 சதவீதம், அது 1,000. அப்புறம் வற் வரி 18 சதவீதம். அது 10,000க்கு அல்ல. பெறுமதியோடு இன்னொரு 10 சதவீதத்தையும் மேலே சொன்ன இரண்டையும் கூட்டி 14,000க்குக் கணக்கிடுவார்கள், 2,520 வரும். இதுவரை 5,520 ஆகிவிட்டது. செஸ் என்ற மேலதிக இறக்குமதி வரி இருக்கிற சாமானென்றால் இன்னும் ஏறும், அந்தச் செஸ்ஸுக்கும் சேர்த்து வற் கட்ட வேண்டும். வரிக்கு மேல் வரி.

உள்ளூர்ச் சாமானுக்கு வரியே இல்லை என்பதும் தவறு. வற் வரி அதற்கும் பொதுவாக உண்டு. செஸ் போன்றவை உள்ளூர் உற்பத்திக்கு வேலி போடுகின்றன. வேலிக்குள் போட்டி இல்லாவிட்டால் உள்ளே இருப்பவரும் விலையை வேலி உயரத்துக்கு ஏற்றலாம் என்பதுதான் என் குறை.

2025 ஏப்ரலில் டிரம்ப் இலங்கைக்கு 44 சதவீதம் என்று அறிவித்தபோது, இங்கே சாமான் விலை ஏறும் என்று வாங்கிக் குவித்தவர்களைத் தெரியும். அந்த வரி அமெரிக்காவுக்குப் போகும் நம் ஆடை போன்ற சாமான்களுக்கு என்று அறிவித்தது, கட்டுவது அங்கே இறக்குபவர். நமக்கு வந்த பயம் தொழிற்சாலை வேலைகளைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டும்.

வரியை ஏற்றி வர்த்தமானி வந்த மறுநாளே வெங்காயம் விலை ஏறினால், கடையில் இருப்பது பழைய வரியில் வந்த சரக்கா என்று கேளுங்கள். வரி குறையும்போது மட்டும் எல்லாருக்கும் 'பழைய சரக்கு' ஞாபகம் வந்துவிடும்.

ஏமாற்றியிருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம். எழுத்தில் முறையிடுவதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள். பில் கேட்டால் கடைக்காரர் கொடுத்தே ஆக வேண்டும். மச்சாள் கேட்கவில்லை. சிங்கக்கொடிப் பெட்டியில் இப்போது கோழிக்குஞ்சுகள் இருக்கின்றன.