ஹெட்போன் ஒப்பிடும் முன் வால்யூமைச் சமன் செய்யுங்கள்

வெளியே கொண்டுபோகும் ஹெட்போனையும் வீட்டு ஹெட்போனையும் ஒப்பிடும்போது முதலில் வால்யூமைச் சமன் செய்யுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதே நம் காதுக்குத் தரமானதாகத் தோன்றும். சென்ஹைசர் ஹெச்டி 600 போன்ற வீட்டு ஹெட்போன்கள் மின்னோட்டத்துக்கு 300 ஓம் எதிர்ப்பு காட்டுபவை. போனில் நேரடியாகச் செருகினால் சத்தம் குறைவாகவே வரும். அதை வைத்து மட்டம் என்று முடிவுகட்டுவது அநியாயம், ஒலியைப் பெருக்கித் தரும் ஒரு சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வேண்டும்.

அப்புறம், நன்றாகப் பழகிய ஒரே பாட்டை அமைதியான அறையில் இரண்டிலும் கேளுங்கள். மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) அதிர்வு, வயலின், பாடகர் மூச்சு இழுப்பது எல்லாம் தனித்தனியாகக் கேட்கிறதா? இதில் காதுக் கிண்ணத்தின் பின்பக்கம் திறந்த வீட்டு மாடல்தான் பெரும்பாலும் ஜெயிக்கும். ஆனால் அதையே பஸ்ஸில் போட்டால் ஹார்ன் சத்தம் அப்படியே உள்ளே வரும். அங்கே காதை மூடும் மாடலே சரி.